பொட்டலம் இங்கிலீஷ் பேசாது

ஆசிரியருக்கு வணக்கம்.

வெளிநாட்டு வேலை பற்றித் தமிழ்ப் பத்திரிகைகளில் வரும் கட்டுரைகளில் விசா இருக்கும், சம்பளக் கணக்கு இருக்கும், வரிச்சலுகைகூட இருக்கும். நாடு நெதர்லாந்து என்றால் கூடவே ஒரு வரியும் தவறாமல் வந்துவிடும்: ‘அங்கே எல்லாருக்கும் இங்கிலீஷ் தெரியும், பாஷை ஒரு பிரச்சினையே இல்லை.’ பாதி உண்மை. கடைப் பையன் இங்கிலீஷ் பேசுவான், டாக்டர் பேசுவார், பஸ் டிரைவரும் பேசுவார். மாவுப் பொட்டலம் பேசாது. மருந்துப் பெட்டியில் ஒட்டிய சீட்டு பேசாது. டாக்டருக்குப் போன் போட்டால் முதலில் வருகிற பதிவுக் குரலும் பெரும்பாலும் பேசாது. ஐந்தோவனுக்கும் ஆம்ஸ்டல்வேனுக்கும் ஐ.டி. வேலைக்கு வரும் குடும்பங்கள் முதல் சில மாதங்கள் திண்டாடுவது மனிதர்களிடம் அல்ல, அச்செழுத்திடம். ஆகவே நெதர்லாந்தின் பாஷையான டச்சைத் தொடங்க வேண்டிய இடம் இலக்கணப் புத்தகம் அல்ல, சூப்பர் மார்க்கெட் அலமாரி என்பது எங்கள் கட்சி.

முதலில் ஒலி. எழுத்துகள் இங்கிலீஷ் எழுத்துகள்தாம், ஒலிதான் வேறு. ஜி என்ற எழுத்தைத் தொண்டையைச் செருமுவது போல உச்சரிப்பார்கள். இங்கே அதை ஃக என்று எழுதுகிறோம். ஓ, ஈ இரண்டு எழுத்தும் சேர்ந்து வந்தால் ஊ. ஐ, ஜே சேர்ந்தால் ஐ. யு, ஐ சேர்ந்தால் உதட்டைக் குவித்துக்கொண்டு ‘அய்’. வெங்காயத்துக்கு டச்சில் வெறும் ‘அய்’, பன்மையில் ‘அய்யன்’. இந்த நான்கும் பிடிபட்டால் பலகைகளில் பாதியை வாய்விட்டுப் படிக்கலாம். நமக்கு முற்றிலும் அந்நியமான பாஷையும் இல்லை. துட்டு, கக்கூஸ், யாழ்ப்பாணத்துக் கந்தோர் (ஆபீஸ்) மூன்றும் டச்சுக்காரன் விட்டுப்போன சொற்கள்தாம்.

சமையலறைக்கு வருவோம்; தவறு அதிகம் நடப்பது மாவில். ‘ப்ளூம்’ என்று போட்ட பொட்டலத்தைப் போன் கேமராவில் காட்டினால் ‘பூ’ என்று மொழிபெயர்த்துக் காட்டினாலும் ஆச்சரியமில்லை. டச்சில் பூவுக்கும் வெள்ளைக் கோதுமை மாவுக்கும் ஒரே சொல். ப்ளூம் என்றால் நம் மைதா. சப்பாத்திக்கு எடுக்க வேண்டியது ‘வொல்கோரன்மேல்’, முழுக் கோதுமை மாவு. ஆனால் அது நம் ஆட்டா போல நைசாக இருக்காது. தவிடு செதில் செதிலாக நிற்கும், தேய்க்கும்போது ஓரம் வெடிக்கும். மூன்று பங்குக்கு ஒரு பங்கு ப்ளூம் கலந்து, வெந்நீர் விட்டுப் பிசைந்து, அரை மணி நேரம் மூடி வைத்தால் சரியாகிவிடும். பக்கத்திலேயே ‘ஸெல்ஃப்ரைசண்ட் பாக்மேல்’ என்று ஒன்று, அதே அளவுப் பொட்டலத்தில் இருக்கும். அதில் பேக்கிங் பவுடர் ஏற்கெனவே சேர்ந்திருக்கிறது. கேக்குக்கு உதவும், சப்பாத்தி தடித்து உப்பி, ஆறியதும் வறட்டி ஆகிவிடும். ரவைக்கு ‘ஃக்ரீஸ்மேல்’, அரிசி மாவுக்கு ‘ரைஸ்ட்மேல்’, கடலை மாவுக்கு ‘கிக்கர்எர்டன்மேல்’. ‘மைஸேனா’ சோள மாவு.

ஆப்ப சோடா தேடுபவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று படிக்க வேண்டும். ‘சோடா’ என்றே பெயர் போட்ட பொட்டலம் கடையில் உண்டு. அது இருக்கும் வரிசை சலவைத்தூள் வரிசை. அது துணிக்கும் தரைக்குமான சலவை சோடா, உடம்புக்கு ஆகாது. சமையல் சோடாவின் டச்சுப் பெயர் ‘ஸய்வரிங்ஸவுட்’. சொல்லுக்குச் சொல் பார்த்தால் ‘சுத்திகரிப்பு உப்பு’ என்று பொருள் வருவதால், மொழிபெயர்ப்புச் செயலியை நம்புகிறவர்கள் சரியான டப்பாவைத் திருப்பி வைத்துவிட்டுத் தப்பான பொட்டலத்தை எடுத்து வருவது நடக்கிற கதைதான். வினிகரிலும் இதே கண்ணி. ‘நாட்யூர்அஸைன்’ சமையலுக்கு, ‘ஸ்ஃகோன்மாக்அஸைன்’ குழாய்க்கறை எடுக்க, புளிப்பு ஏறக்குறைய இரு மடங்கு. பாட்டில் இரண்டும் அண்ணன் தம்பி போல இருக்கும். ‘ஸ்ஃகோன்மாக்’ என்ற துண்டு எந்த டப்பாவில் இருந்தாலும் அது சுத்தம் செய்கிற சரக்கு என்று மனத்தில் பதித்துக்கொண்டால் போதும்.

சலவை வரிசையிலேயே இன்னொன்று. ‘வாஸ்மிட்டல்’ துணிக்கான சோப்பு. ‘வாஸ்வர்ஸாஃக்டர்’ துணியை மிருதுவாக்கும் வாசனைத் திரவம், அழுக்கு எடுக்காது. வண்ணப் பூப்போட்ட பாட்டிலைப் பார்த்து இரண்டாவதை மட்டும் வாங்கி, வாரக்கணக்கில் துணியை வாசனையோடு அழுக்காகவே உடுத்த வேண்டி வரும். ‘ஆஃப்வாஸ்மிட்டல்’ பாத்திரத்துக்கு.

பாலில் ‘வொல்ல’ முழுக்கொழுப்பு, ‘ஹால்ஃப்வொல்ல’ பாதி, ‘மாஃகர’ கொழுப்பெடுத்தது. தயிர் தோய்க்க வொல்ல மெல்க் வாங்குங்கள். ‘கார்னமெல்க்’ மோர். பால் டப்பா போலவே இருப்பதால் காபியில் ஊற்றித் திரித்தவர்கள் பலர். கடுகு, கறிவேப்பிலை தாளித்துக் கொட்டினால் அருமையான மோர்தான். தண்ணீர் மட்டும் பாதிக்குப் பாதி விட வேண்டும், அவ்வளவு கெட்டி. ‘ரோம்’ என்ற துண்டு வந்தால் பாலேடு. எழுத்தைப் பார்த்து இங்கிலீஷ் ‘ரூம்’, அதாவது அறை, என்று வாசித்துவிடாதீர்கள்.

காரத்தில் ஒரு குழப்பம். ‘பாப்ரிகா’ என்றால் குடைமிளகாய், ‘பாப்ரிகாபூடர்’ அதன் பொடி. நிறம் மட்டுமே, உறைக்காது. ‘பேபர்’ என்பது மிளகுக்கும் மிளகாய்க்கும் பொது. ஸ்வார்ட்ட பேபர் கருமிளகு, ரோட பேபர் சிவப்பு மிளகாய். ‘சிலிபூடர்’ பல சமயம் சீரகமும் பூண்டும் சேர்ந்த கலவை. சாம்பாரில் போட்டால் குணம் மாறும். தனியாப் பொடி சில ஜாடிகளில் ‘கெடும்பார்’ என்றும், சீரகப் பொடி ‘ஜிந்தன்’ என்றும் இந்தோனேசியப் பெயரில் இருக்கும். அந்த வரிசையிலேயே நிற்கும் ‘த்ராஸி’ புளித்த இறால் விழுது. சைவக் குடும்பங்கள் கவனிக்க. ஜெலாட்டினாவுக்கும் ‘டீர்லக் ஸ்ட்ரெம்ஸல்’ எனப்படும் விலங்கு உறைபொருள் உள்ள பாலாடைக்கட்டிக்கும் இதே எச்சரிக்கை.

நம் காய்கறிகள் சூப்பர் மார்க்கெட்டில் கிடைக்காவிட்டால் ‘டோக்கோ’ என்ற பலகை தேடுங்கள். ஆசியச் சரக்குக் கடைக்கு அங்கே அதுதான் பெயர். 1873 முதல் கல்கத்தாவிலிருந்து அன்றைய டச்சுக் காலனியான சுரிநாமுக்குக் கரும்புத் தோட்டக் கூலிகளாகக் கப்பலேறிய இந்தியர்களின் வழித்தோன்றல்கள் பலர் 1975-இல் அந்த நாடு விடுதலை பெற்றதையொட்டி நெதர்லாந்து வந்தார்கள். நம் காய்களுக்குச் சுரிநாம் பெயரே கடையில் வழங்குகிறது. பாகற்காய் ‘சொப்ரொப்போ’. பயற்றங்காய் ‘கவுசன்பாண்ட்’, அதாவது காலுறை கட்டும் நாடா. நீளத்தைப் பார்த்தால் பெயர் சரிதான். தி ஹேகில் உள்ள ஹாஃக்ஸ மார்க்ட் சந்தை திங்கள், புதன், வெள்ளி, சனி நான்கு நாளும் உண்டு. இவையெல்லாம் அங்கே கிடைக்கும். சந்தையில் ‘ஒன்ஸ்’ என்றால் 100 கிராம், ‘பொண்ட்’ என்றால் 500 கிராம். இங்கிலீஷ் அவுன்ஸ், பவுண்டு என்று நினைத்தால் கணக்கு தப்பும். ‘மாஃக் இக் அன் பொண்ட் ஸ்பெர்ஸீபோனன்’ என்றால் அரைக் கிலோ பீன்ஸ் கொடுங்கள். ‘மாஃக் இக்’ போட்டுப் பொருளின் பெயரைச் சேர்த்தால் எந்தக் கடையிலும் மரியாதையான வாக்கியம் தயார், இலக்கணமே வேண்டாம். கடைக்காரர் ‘வீ இஸ் எர் ஆன் ட பேர்ட்?’ என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்டால் ‘அடுத்தது யார்?’ என்று பொருள். வரிசையாக நிற்கும் பழக்கம் சந்தையில் குறைவு. வாய் திறந்து ‘இக்’ என்று சொல்லாதவர் நின்றுகொண்டே இருக்க வேண்டியதுதான்.

விலைச்சீட்டில் புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் காற்புள்ளி இருக்கும். ‘ட்வேட ஹால்வ ப்ரைஸ்’ என்றால் இரண்டாவது பொருளுக்குப் பாதி விலை. 4 யூரோ பொருள் இரண்டு வாங்கினால் 6 யூரோ. அதாவது தள்ளுபடி கால்வாசிதான், பாதி அல்ல. ‘ஒப் இஸ் ஒப்’ என்றால் தீர்ந்தால் தீர்ந்ததுதான். தேதியில் இரண்டு வகை. ‘ட ஃகப்ரய்கன் டொட்’ என்றிருந்தால் அந்த நாளுக்குப் பிறகு சாப்பிடக் கூடாது. இறைச்சி, மீன் போன்றவற்றில் வரும். ‘டன் மின்ஸ்ட ஹவுட்பார் டொட்’ என்பது ருசிக்கும் தரத்துக்குமான தேதி. அது தாண்டிய பருப்பையும் பிஸ்கட்டையும் பார்த்து, முகர்ந்து பயன்படுத்தலாம். இரண்டுக்கும் ஒரே அர்த்தம் என்று நினைத்து வீட்டில் நல்ல பொருளைக் கொட்டுவதும் உண்டு, கெட்டதைத் தின்பதும் உண்டு.

பணம் கட்டும் இடத்தில் கேள்விகள் மூன்று நான்குக்கு மேல் போகாது. கடையின் அட்டை உண்டா, பை வேண்டுமா, சலுகை முத்திரை சேர்க்கிறீர்களா, ரசீது வேண்டுமா. எல்லாவற்றுக்கும் ‘நே, டாங்க் யூ’ போதும், கடைசிக் கேள்வியைத் தவிர. ரசீதுக்கு டச்சில் ‘பொன்’. ‘பொன்னச்ச எர்பை?’ என்றால் ‘யா’ என்று சொல்லுங்கள். தானே ஸ்கேன் செய்யும் கவுன்டர்களில் பல கடைகளில் அந்தச் சீட்டின் பார்கோடைக் காட்டினால்தான் வெளிவாசல் திறக்கும். பொருளை மாற்றவும் அதுதான் கேட்பார்கள். அட்டையில் பணம் கட்டுவது ‘பின்னன்’. ‘அலேன் பின்னன்’ என்று எழுதியிருந்தால் ரொக்கம் வாங்க மாட்டார்கள். ரொக்கம் வாங்கும் இடத்தில் மொத்தத் தொகையை 5 சென்டுக்குச் சரிசெய்வார்கள். 9,98 வந்தால் 10 யூரோ. ஏமாற்று இல்லை, நாட்டு வழக்கம்.

ரசீதில் ‘ஸ்டாட்ஸிஃகெல்ட்’ என்று தனியாக ஒரு தொகை விழுந்தால் அது பாட்டில் முன்பணம். தண்ணீர், குளிர்பான பிளாஸ்டிக் பாட்டில் 1 லிட்டருக்குக் கீழே என்றால் 15 சென்ட், அதற்கு மேல் 25 சென்ட், தகர டின்னுக்கு 15 சென்ட். சின்ன பாட்டிலுக்கு 2021 ஜூலையிலும் டின்னுக்கு 2023 ஏப்ரலிலும் வந்தது. காலியானதைக் கடை வாசல் இயந்திரத்தில் போட்டால் சீட்டு வரும். அதைக் கவுன்டரில் கொடுத்தால் பணம். நசுக்கினாலோ மேல் தாளைக் கிழித்தாலோ இயந்திரம் பார்கோடைப் படிக்க முடியாமல் திருப்பித் தள்ளும். நம் ஊர்ப் பழக்கத்தில் பாட்டிலை முறுக்கிப் போடுகிறவர்களுக்கு இது நஷ்டம்.

இனிச் சேவைகள். இங்கே தடுக்கி விழுவது சொல்லில் அல்ல. எண்ணிலும் நேரத்திலும் எழுத்துக்கூட்டலிலும். ‘ஹால்ஃப் நேஃகன்’ என்றால் ஒன்பதரை அல்ல, எட்டரை. நாம் எட்டைக் கடந்த அரையைச் சொல்கிறோம், அவர்கள் ஒன்பதை நோக்கிப் பாதி வந்ததைச் சொல்கிறார்கள். ‘டீன் ஓவர் ஹால்ஃப் நேஃகன்’ எட்டு நாற்பது. ஒரு மணி நேரம் பிந்திப் போனால் பல் டாக்டர் பார்க்காததற்கும் பில் அனுப்புவார். 84-ஐ ‘நாலும் எண்பதும்’ என்றுதான் சொல்வார்கள். கேட்டதும் 48 என்று எழுதிவிடும் கை. போன் எண், வீட்டு எண் எதையும் இலக்கம் இலக்கமாகச் சொல்லுங்கள், அவர்களையும் அப்படியே சொல்லச் சொல்லுங்கள்.

பெயரை எழுத்துக்கூட்டும்போது இங்கிலீஷ் எழுத்துப் பெயர்களைச் சொல்வதுதான் மகா தவறு. டச்சில் ஏ-யை ‘ஆ’ என்பார்கள், ஈ-யை ‘ஏ’ என்பார்கள், ஐ-யை ‘ஈ’ என்பார்கள். ரவி என்ற பெயரை இங்கிலீஷில் ‘ஆர், ஏ, வீ, ஐ’ என்று சொன்னால் கேட்பவர் இரண்டாம் எழுத்தை வேறாக எழுதுவார், கடைசி எழுத்து என்னவென்றே அவருக்குப் புரியாது. டச்சில் ‘எர், ஆ, வே, ஈ’. ஆ, ஏ, ஈ, ஓ என்று உயிரெழுத்தை ஒலிப்படியே சொல்லிப் பழகிய தமிழ் வாய்க்கு இது இங்கிலீஷைவிடச் சுலபம். ஜே-க்கு ‘யே’, ஜி-க்கு ‘ஃகே’, ஹெச்-க்கு ‘ஹா’, கே-க்கு ‘கா’. ஒரு எழுத்து பிசகினாலும் டாக்டர் கணினியில் நீங்கள் இல்லாத ஆள்.

குடும்ப டாக்டர் ‘ஹய்ஸ்ஆர்ட்ஸ்’. முன்கூட்டிப் பதிவு செய்யாமல் நேரே போனால் பார்க்க மாட்டார்கள், அதுவும் உங்கள் பகுதியில் இருப்பவரிடம்தான் பதிவு. ‘பாசியெண்டன்ஸ்டொப்’ என்று போட்டிருந்தால் புது நோயாளி எடுப்பதில்லை. அடுத்த இடம் பாருங்கள். காய்ச்சல் வந்த பிறகு இதைத் தேடுவது கொடுமை, வந்த வாரமே முடியுங்கள். போன் போட்டால் பதிவுக் குரல் ‘பை ஸ்பூட், டூட்ஸ் ஏன்’ என்னும். அவசரமானால் ஒன்றை அழுத்து என்று பொருள். ஒன்றுக்கு டச்சுச் சொல் ‘ஏன்’, கேள்வி இல்லை. சாதாரணச் சளிக்கு அதை அழுத்தினால் கோபிப்பார்கள். எடுக்கும் உதவியாளர் பிறந்த தேதியில் தொடங்கிப் பத்துக் கேள்வி கேட்பார். எவ்வளவு அவசரம் என்று தரம்பிரிப்பது அவர் வேலை, அலட்சியம் இல்லை. காய்ச்சல் ‘கோர்ட்ஸ்’, இருமல் ‘ஹூஸ்டன்’, வலி ‘பைன்’, மூச்சுத் திணறல் ‘பனவுட்’. கடைசிச் சொல் சொன்னால் உடனே காது கொடுப்பார்கள். ‘அய்ட்ஸ்லாஃக்’ தோல் தடிப்புக்கும் சொல், பரிசோதனை முடிவுக்கும் சொல். கடிதத்தில் வந்தால் பதறாதீர்கள். மாலையிலும் வார இறுதியிலும் ‘ஹய்ஸ்ஆர்ட்ஸன்போஸ்ட்’. அங்கும் முதலில் போன், பிறகுதான் பயணம். உயிராபத்துக்கு 112.

‘ஆபோடேக்’ டாக்டர் சீட்டுக்கான மருந்துக் கடை. ‘ட்ரோஃகிஸ்ட்’ பாராசிட்டமால், இருமல் மருந்து, சோப்பு விற்கும் கடை. மருந்துச் சீட்டில் ‘கூர் ஆஃப்மாக்கன்’ என்றிருந்தால் பாதியில் நிறுத்தாமல் முழுவதும் முடிக்க வேண்டும். குழந்தை மருந்தில் ஒரே ஒரு சொல் தெரிந்தே ஆக வேண்டும்: ‘ஸெட்பில்’. அது ஆசனவாயில் வைக்கும் மருந்து. குழந்தைப் படம் போட்ட பாராசிட்டமால் பெட்டியில் அதுவும் வரும். பில் என்ற ஒலியை நம்பி வாயில் கொடுத்துவிடுவார்கள். குடிக்கக் கொடுக்க வேண்டுமானால் ‘ட்ராங்க்’ என்று பார்த்து வாங்குங்கள்.

குழாய் ஒழுகினால் ‘லோட்ஃகீடர்’, பூட்டுக்கு ‘ஸ்லோடன்மாக்கர்’, சைக்கிளுக்கு ‘ஃபீட்ஸன்மாக்கர்’. வாடகை வீடானால் முதலில் ‘வர்ஹூர்டர்’, அதாவது வீட்டுக்காரர். குழாய் வாஷர் போன்ற சில்லறைப் பழுது குடியிருப்பவர் தலையில், கொதிகலன் போன்ற பெரிய பழுது அவர் தலையில் என்பது அந்நாட்டுச் சட்டம். இரவில் பூட்டிக்கொண்டு வெளியே நின்றபடி இணையத்தில் முதலில் வரும் விளம்பரத்துக்குப் போன் போடுவதில்தான் பெரும் பணம் போகும். ஆள் கிளம்புமுன் மூன்று சொல் கேளுங்கள்: ‘வோர்ரைகோஸ்டன்’ (வந்து போகும் கூலி), ‘ஊர்டரீஃப்’ (மணிக்கூலி), ‘இன்க்லுஸீஃப் பே-டே-வே?’ (வரி சேர்த்தா?). வேலைக்குப் பிறகு 21 சதவீதம் வரி கூட்டினால் அதிர்ச்சி வேண்டாம் என்பதற்குத்தான் மூன்றாவது. சைக்கிள் கடையில் ‘லெக்க பாண்ட், ஆஃக்டர்’ என்றால் பின் சக்கரம் பஞ்சர்.

குப்பைத் தொட்டியின் நிறத்தை நம்பாதீர்கள். நகராட்சிக்கு நகராட்சி மாறும். எழுத்தைப் படியுங்கள்: ‘ஃகே-எஃப்-டே’ காய்கறி, பழத் தோல், ‘பே-எம்-டே’ பிளாஸ்டிக், தகரம், பால் அட்டை, ‘ரெஸ்ட்ஆஃப்வால்’ மிச்சமெல்லாம். வடை சுட்ட எண்ணெயைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் ஊற்றினால் குழாய்க்குள் உறைந்து அடைக்கும், லோட்ஃகீடர் வரும் செலவு உங்களுடையது. ஆறியதும் மூடியுள்ள பாட்டிலில் ஊற்றி, ‘ஃப்ரிட்யூர்வெட்’ என்று எழுதிய மஞ்சள் தொட்டியில் பாட்டிலோடு போட வேண்டும். பல சூப்பர் மார்க்கெட் வாசலில் இருக்கும்.

இவற்றையெல்லாம் எப்படி மனத்தில் ஏற்றுவது? கைபேசிப் பாடங்கள் ‘ஆமை பால் குடிக்கிறது’ என்கிற ரகத்தில் போகும். ஆமையைக் கடையில் பார்த்தவர் இல்லை. வாராவாரம் வரும் விளம்பர ‘ஃபோல்டர்’ காசில்லாத பாடநூல்: படம், பெயர், அளவு, விலை நான்கும் ஒரே கட்டத்தில். அந்த வாரம் வாங்கப் போகும் பத்துப் பொருளை அதில் வட்டமிட்டு, கடைச் சீட்டை டச்சிலேயே எழுதுங்கள். வீடு திரும்பியதும் பொன்னை எடுத்து வரிவரியாகச் சரிபாருங்கள். அதில் பெயர்கள் சுருக்கமாக இருக்கும், அந்தச் சுருக்கமும் பழகும். நான்கு வாரத்தில் நாற்பது சொல் வந்துவிடும். பிறகு நூலகம் போங்கள். பல ஊர் நூலகங்களில் ‘டால்ஹய்ஸ்’ என்ற மொழி உதவி மையம் உண்டு. பேச ஆரம்பித்ததும் எதிராளி இங்கிலீஷுக்குத் தாவுவார். அவர்கள் அதை உபகாரம் என்று நினைத்துச் செய்கிறார்கள். ‘மாஃக் ஹெட் இன் ஹெட் நேடர்லாண்ட்ஸ்?’ என்று ஒருமுறை கேட்டால் சிரித்துக்கொண்டே டச்சுக்குத் திரும்பிவிடுவார்கள்.

அடுத்து நெதர்லாந்து வேலை பற்றிக் கட்டுரை போடும்போது ‘பாஷை பிரச்சினையே இல்லை’ என்ற வரியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஸெட்பில் என்ற ஒரு சொல்லையும் ஸய்வரிங்ஸவுட் என்ற இன்னொரு சொல்லையும் போடுமாறு கேட்டுக்கொள்கிறோம். இடம் ஏறக்குறைய அதேதான் பிடிக்கும்.

இப்படிக்கு,
தமிழ் வாசகர்கள் சிலர்,
ஐந்தோவன், நெதர்லாந்து